எஸ்எஸ்எச் எங்கே மறிபட்டது? அறிகுறியைப் பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

எஸ்எஸ்எச் என்பது தொலைவில் உள்ள கணினிக்குள் (சேர்வர்) பாதுகாப்பாகப் போய்க் கட்டளை அடிக்கும் வழி. சேர்வருக்குள் போக முடியவில்லை என்றதும் அநேகம் பேர் பாஸ்வேர்டை மாற்றுகிறார்கள், இல்லாவிட்டால் கீயை (பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் பாவிக்கும் அடையாள ஃபைல்) அழித்துப் புதிதாகச் செய்கிறார்கள். பிழை பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. ஒரு வளவுக்குப் போகிற ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒழுங்கையே பிழைத்திருக்கலாம். ஒழுங்கை சரியாக இருந்து படலை பூட்டிக் கிடக்கலாம். படலை திறந்திருந்தும் வாசலில் வருகிறவர் நாம் தேடிய ஆளாக இல்லாமல் இருக்கலாம். அவரே வந்தாலும் நம்மை அடையாளம் தெரியாமல் திருப்பி அனுப்பலாம். உள்ளே இருத்தித் தேத்தண்ணி தந்துவிட்டு இடையில் எழுப்பியும் விடலாம். எஸ்எஸ்எச் காட்டும் ஒவ்வொரு செய்தியும் இதில் எந்த இடம் என்பதைச் சொல்லிவிடும். படலையில் நின்றவருக்கு அறைச் சாவியை மாற்றிக் கொடுத்துப் பிரயோசனம் இல்லை.

கட்டளைகளையும் பிழைச் செய்திகளையும் இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறது. திரையில் ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்துத் தேவையான இடத்தில் மட்டும் தனியாகச் சொல்லியிருக்கிறது.

எதற்கும் முன்னே செய்ய வேண்டியது

வழக்கமான கட்டளையில் வி எழுத்தைச் சேர்த்து ஒருக்கா ஓட்டுங்கள்: எஸ்எஸ்எச் -வி பயனர்@முகவரி. இன்னும் விபரம் வேண்டுமென்றால் -விவிவி. வருகிற வரிகளில் மூன்றைத் தேடினால் போதும். "கொனெக்ஷன் எஸ்டாப்ளிஷ்ட்" வந்தால் படலை தாண்டியாயிற்று. "சேர்வர் ஹோஸ்ட் கீ" வந்தால் வாசலில் ஆள் வந்துவிட்டார். "ஒதென்டிகேஷன்ஸ் தட் கேன் கொன்டினியூ" வந்தால் இனி உங்களுடைய அடையாளம்தான் கேள்வி. கடைசியாக வந்த வரிக்கு ஏற்ற பகுதிக்குக் கீழே போங்கள்.

சேர்வரின் பக்கத்து லொக்கையும் (நடந்ததைப் பதிந்து வைக்கும் ஃபைல்) பார்க்க வழி இருந்தால் பாருங்கள். உபுண்டு, டெபியனில் /வார்/லொக்/ஓத்.லொக், ரெட்ஹெட் குடும்பத்தில் /வார்/லொக்/செக்கியூர். அந்த ஃபைல் இல்லாவிட்டால் ஜேர்னல்சிடிஎல் -யு எஸ்எஸ்எச். வாடகைச் சேர்வர்கள் பெரும்பாலும் யூடிசி நேரத்தில் ஓடுகின்றன. நமது நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது. மட்டக்களப்பில் இரவு 8 மணிக்கு நீங்கள் முயன்றது லொக்கில் 14:30 என்றுதான் கிடக்கும். "லொக்கில் ஒன்றுமே இல்லை" என்கிறவர்களில் பாதிப் பேர் பிழையான மணித்தியாலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள்.

"கொனெக்ஷன் டைம்ட் அவுட்"

நீங்கள் அனுப்பியதற்குப் பதிலே வரவில்லை. மறுப்புக்கூட இல்லை. லினக்ஸில் ஏறத்தாழ 2 நிமிடம் காத்திருந்த பிறகே இந்தச் செய்தி வரும்; மினக்கெடாமல் இருக்க -ஓ கொனெக்ட்டைம்அவுட்=10 என்று சேருங்கள். கீ, பாஸ்வேர்ட் இரண்டுக்கும் இதில் வேலையே இல்லை.

வாடகைச் சேர்வர் என்றால் காரணங்கள் குறைவு. முகவரி பிழை, சேர்வர் நிறுத்தப்பட்டிருக்கிறது, அல்லது வழங்குநரின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் உள்ள ஃபயர்வோலில் எஸ்எஸ்எச்சின் வழமையான போர்ட்டான 22 திறக்கப்படவில்லை. சேர்வருக்குள்ளே இருக்கும் ஃபயர்வோலான யுஎஃப்டபிள்யூ வேறு, வெளியே வழங்குநர் பக்கத்தில் இருக்கும் செக்கியூரிட்டி குரூப் வேறு. இரண்டிலும் திறக்க வேண்டும். செக்கியூரிட்டி குரூப்பில் "என்னுடைய ஐபிக்கு மட்டும்" என்று போட்டிருந்தால், ரவுட்டரை ஒஃப் பண்ணி ஒன் பண்ணும்போது உங்கள் ஐபி மாறி, நேற்றுத் திறந்த கதவு இன்று உங்களுக்கே பூட்டியிருக்கும்.

போர்ட்டை மட்டும் தட்டிப் பார்க்க: என்சி -விஇசட் முகவரி 22. விண்டோஸ் பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கொனெக்ஷன் முகவரி -போர்ட் 22. பிங் வருகிறதா என்று பார்ப்பதை நம்ப வேண்டாம். பிங்கை மறித்துவிட்டு எஸ்எஸ்எச்சைத் திறந்து வைத்திருக்கும் சேர்வர்கள் ஏராளம்.

இங்கே அதிகம் மினக்கெட வைப்பது வேறொன்று. சேர்வர் வெளிநாட்டில் இல்லை, கல்முனைக் கடையின் மேசைக்குக் கீழே கிடக்கிற சின்னக் கணினி. அல்லது வாழைச்சேனை வீட்டில் இருக்கிற ராஸ்பெரி பை. வீட்டுக்குள் வைஃபையில் இருந்து போகலாம், வெளியிலிருந்து ஏலாது. ரவுட்டரில் போர்ட் ஃபோர்வர்ட் பண்ணியும் சரிவரவில்லை. அப்படியென்றால் ரவுட்டரின் நிலைப் பக்கத்தைத் திறந்து, வான் (வெளி வலையமைப்பு) முகவரி என்ற இடத்தில் இருக்கும் இலக்கத்தைப் பாருங்கள். அது 10 இல் தொடங்கினால், அல்லது 100.64 முதல் 100.127 வரையான வரிசையில் இருந்தால், அல்லது உங்கள் வெளி ஐபியைக் காட்டும் தளம் சொல்லும் இலக்கத்தோடு பொருந்தாவிட்டால், உங்கள் ரவுட்டருக்குப் பொது முகவரி இல்லை. பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்தும் சிஜிநெட் அது. 4ஜி ரவுட்டர்களில் பெரும்பாலும் இதுதான் நிலை. ரவுட்டருக்குள் எத்தனை போர்ட் திறந்தாலும் வெளியே இருந்து எவரும் வர முடியாது. நிரந்தர ஐபிக்குத் தனியாகக் கட்டணம் கட்டலாம். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் கணினியே வெளியே போய் ஒரு வாடகைச் சேர்வரைப் பிடித்து வைத்திருக்கச் செய்யலாம். இரண்டாவது மலிவு. அதைக் கரண்ட் பற்றிய பகுதியில் பார்ப்போம்.

"கொனெக்ஷன் ரிஃபியூஸ்ட்"

டைம் அவுட்டை விட இது நல்ல செய்தி. மறுமுனையில் உயிர் இருக்கிறது, உடனே மறுக்கிறது. அந்தப் போர்ட்டில் எஸ்எஸ்எச்டி (சேர்வர் பக்கத்தில் எஸ்எஸ்எச்சுக்குப் பதில் சொல்லும் மென்பொருள்) ஓடவில்லை, அல்லது ஃபயர்வோல் வெளிப்படையாக மறுக்கிறது.

வழங்குநரின் இணையக் கொன்சோலால் உள்ளே போய் சுடோ எஸ்எஸ் -டிஎல்என்பி என்று அடியுங்கள் (சுடோ என்பது நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டச் சொல்வது). எந்தப் போர்ட்டில் யார் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று காட்டும். எஸ்எஸ்எச்டி அங்கே இல்லை என்றால் சுடோ எஸ்எஸ்எச்டி -டி. இதில் டி சிறிய எழுத்து; கொன்ஃபிக் ஃபைலில் எழுத்துப் பிழை இருந்தால் வரி இலக்கத்தோடு சொல்லும். சேவையின் பெயர் உபுண்டு, டெபியனில் எஸ்எஸ்எச்; ரெட்ஹெட் வழியில் வந்தவற்றில் எஸ்எஸ்எச்டி.

போர்ட்டை 22 இலிருந்து மாற்றியவர்களுக்கு இரண்டு பொறிகள். உபுண்டு 22.10 முதல் எஸ்எஸ்எச்டியை, சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் சொக்கட்தான் எழுப்புகிறது. 24.04 இல் கொன்ஃபிக்கில் போர்ட்டை மாற்றி எஸ்எஸ்எச் சேவையை மட்டும் ரீஸ்டார்ட் பண்ணினால் போதாது; சுடோ சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட், பிறகு சுடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் எஸ்எஸ்எச்.சொக்கட். ரெட்ஹெட் குடும்பத்தில் எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கு புதுப் போர்ட்டை விடாது: சுடோ செமனேஜ் போர்ட் -ஏ -டி எஸ்எஸ்எச்_போர்ட்_டி -பி டிசிபி 2222 என்று அனுமதி கொடுத்த பிறகே எஸ்எஸ்எச்டி அதில் நிற்கும்.

காலையில் போனது, நாலைந்து தடவை பாஸ்வேர்டைப் பிழையாக அடித்த பிறகு ரிஃபியூஸ்ட் வருகிறது, கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிறது என்றால் அது பிழையாக முயலும் ஐபியைச் சிறிது நேரம் மறிக்கும் ஃபெயில்2பேன். அதன் பொது அமைப்பில் 10 நிமிடத்துக்குள் 5 பிழை, தண்டனை 10 நிமிடம். போனின் டேட்டாவால் முயன்று பாருங்கள், வேறு ஐபி என்பதால் உடனே போகும். விடுவிக்க: சுடோ ஃபெயில்2பேன்-கிளையன்ட் செட் எஸ்எஸ்எச்டி அன்பேன்ஐபி, பிறகு உங்கள் ஐபி.

"நோ ரூட் டு ஹோஸ்ட்" என்றால் ஒரே வலையமைப்பில் உள்ள கருவி ஒஃப் ஆகிக் கிடக்கலாம், அல்லது ஃபயர்வோல்டி என்ற ஃபயர்வோல் அப்படிப் பதில் சொல்லி மறுக்கலாம். "குட் நொட் ரிசோல்வ் ஹோஸ்ட்நேம்" என்றால் பெயர்தான் பிழை. ஐபி இலக்கத்தால் போய்ப் பாருங்கள்.

பிழை ஒன்றும் வராமல் நடுவில் நிற்கிறது

-வி போட்டுப் பார்த்தால் கொனெக்ஷன் எஸ்டாப்ளிஷ்ட் வந்திருக்கும். பிறகு "எக்ஸ்பெக்டிங் எஸ்எஸ்எச்2 எம்எஸ்ஜி கெக்ஸ் இசிடிஎச் ரிப்ளை" என்ற வரியில் அசையாமல் கிடக்கும். போன் டேட்டாவில் போகிறது, வீட்டு இணைப்பில் போகவில்லை. அல்லது விபிஎன் போட்டால் மட்டும் நிற்கிறது. இது எம்டியூ (ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு) பிரச்சினை. சின்னப் பொட்டலங்கள் போய்ச் சேருகின்றன, பெரியது வழியில் தொலைகிறது. புதிய ஓபன்எஸ்எஸ்எச் பதிப்புகள் குவாண்டம் கணினிகளைத் தாங்கும் கீப் பரிமாற்றத்தைப் பாவிப்பதால் அந்தப் பொட்டலம் முன்னையதை விடப் பெரிது. ஆகவே வருடக்கணக்காக ஓடிய இணைப்பு அப்டேட்டுக்குப் பிறகு நின்றால் ஆச்சரியப்பட வேண்டாம்.

லினக்ஸில் பிங் -பெரிய எம் டூ -எஸ் 1472 முகவரி என்று அடியுங்கள் (டூ என்பது இலக்கம் அல்ல, 'செய்' என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல்). விண்டோஸில் பிங் -எஃப் -எல் 1472 முகவரி. பதில் வரும்வரை 1472 ஐக் குறைத்துக்கொண்டு வாருங்கள். பதில் வந்த இலக்கத்தோடு 28 ஐக் கூட்டினால் அதுவே உங்கள் பாதையின் எம்டியூ. பிபிபிஓஇ இணைப்பில் அது வழமையாக 1492. உடனடி மருந்து, சுடோ ஐபி லிங்க் செட் டெவ் என்று எழுதி, கருவியின் பெயரோடு எம்டியூ 1400 என்று போடுவது. சரிவந்தால் ரவுட்டரிலோ விபிஎன்னிலோ நிரந்தரமாக மாற்றுங்கள்.

"கெக்ஸ் எக்ஸ்சேஞ்ச் ஐடென்டிஃபிகேஷன்: கொனெக்ஷன் குளோஸ்ட் பை ரிமோட் ஹோஸ்ட்"

வாசலுக்கு வந்து முகத்தைப் பார்க்க முன்னே கதவைச் சாத்துகிறது. ஒரு ஆள் போனால் போகிறது, வகுப்பே சேர்ந்து போனால் பாதிப் பேருக்கு வருகிறது என்றால் எஸ்எஸ்எச்டி கொன்ஃபிக்கில் மாக்ஸ்ஸ்டார்ட்அப்ஸ் வரியைப் பாருங்கள். அதன் பொது அளவு 10:30:100. இன்னும் லொகின் ஆகாத இணைப்புகள் 10 ஆனதும் நூற்றுக்கு 30 வீதம் தள்ளத் தொடங்கி, 100 ஆனதும் முழுதாக மறுக்கும். அக்கரைப்பற்றிலோ வந்தாறுமூலையிலோ ஒரு கணினிக்கூடத்தில் 40 மாணவர் ஒரே சமயத்தில் "எல்லோரும் இப்ப அடியுங்கோ" என்றால் இந்த எல்லையைத் தொடுவது இலகு. பயிற்சிச் சேர்வரில் 60:30:120 என்று ஏற்றி வையுங்கள்.

அந்த 40 பேரும் வெளியுலகுக்கு ஒரே ஐபி என்பதையும் மறக்க வேண்டாம். ஓபன்எஸ்எஸ்எச் 9.8 இலிருந்து, 2024 ஜூலையில் வந்தது, பிழையாக அடிக்கும் முகவரியை எஸ்எஸ்எச்டியே சிறிது நேரம் ஒதுக்கி வைக்கும். மூன்று பேர் செய்த பிழைக்கு வகுப்பு முழுக்க வெளியே நிற்கும். கூடத்தின் பொது ஐபியை பெர்சோர்ஸ்பெனல்டிஎக்ஸெம்ப்ட்லிஸ்ட் என்ற வரியில் சேர்த்தால் தீரும். ஃபெயில்2பேன் இருந்தால் அதன் இக்னோர்ஐபி வரியிலும் சேருங்கள்.

"ரிமோட் ஹோஸ்ட் ஐடென்டிஃபிகேஷன் ஹேஸ் சேஞ்ச்ட்"

பெரிய எழுத்தில், சுற்றிவர அட் குறி போட்டு, பயமுறுத்துகிற மாதிரி வரும். பயப்பட வேண்டிய செய்திதான். உங்கள் கணினி முன்பு பார்த்த சேர்வரின் அடையாளமும் இப்போது வந்து நிற்பதும் ஒன்றல்ல. பெரும்பாலும் காரணம் சாதாரணமானது: சேர்வரைத் திரும்ப இன்ஸ்டோல் பண்ணியிருக்கிறீர்கள், பழைய சேர்வரை அழித்தபின் அதே ஐபி புதிய சேர்வருக்குக் கிடைத்திருக்கிறது, அல்லது வீட்டு ரவுட்டர் 192.168.1.10 ஐ வேறு கருவிக்குக் கொடுத்துவிட்டது. இவற்றில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் பாஸ்வேர்டை அடிக்காதீர்கள்.

சரிபார்க்கும் வழி: வழங்குநரின் கொன்சோலில் எஸ்எஸ்எச்-கீஜென் -எல்எஃப் /ஈடிசி/எஸ்எஸ்எச்/எஸ்எஸ்எச்_ஹோஸ்ட்_இடி25519_கீ.பப் என்று அடித்து, வரும் கைரேகையை உங்கள் திரையில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். ஒன்றானால் எஸ்எஸ்எச்-கீஜென் -ஆர் முகவரி. ஆர் பெரிய எழுத்து. போர்ட் 22 அல்லாவிட்டால் முகவரியைச் சதுர அடைப்புக்குள் போட்டு முக்காற்புள்ளி வைத்துப் போர்ட்டையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் அழிக்க வேண்டிய வரியைக் காணாது. இந்த எச்சரிக்கை வராமல் செய்ய ஸ்டிரிக்ட்ஹோஸ்ட்கீசெக்கிங்கை நோ என்று போடச் சொல்லும் பேச்சைக் கேட்காதீர்கள். காவல் நாயைக் கொன்றுவிட்டு வளவு அமைதியாக இருக்கிறது என்பது போல்தான் அது.

"நோ மேட்சிங் ஹோஸ்ட் கீ டைப் ஃபவுண்ட்" என்று வந்து, அவர்கள் தருவது எஸ்எஸ்எச்-ஆர்எஸ்ஏ என்று சொன்னால், மறுமுனை பழையது: பழைய ரவுட்டர், சிசிடிவி பெட்டி, பத்து வருடச் சேர்வர். 2021 இல் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 8.8 முதல் ஷா-1 கையொப்பத்தை ஏற்பதில்லை. உங்கள் .எஸ்எஸ்எச்/கொன்ஃபிக்கில் அந்த ஒரு ஹோஸ்டுக்கு மட்டும் ஹோஸ்ட்கீஅல்கொரிதம்ஸ் +எஸ்எஸ்எச்-ஆர்எஸ்ஏ, பப்கீஎக்செப்டட்அல்கொரிதம்ஸ் +எஸ்எஸ்எச்-ஆர்எஸ்ஏ என்று இரண்டு வரி சேருங்கள். எல்லா ஹோஸ்டுக்கும் வேண்டாம்.

"பெர்மிஷன் டினைட்"

அடைப்புக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பப்ளிக்கீ என்று மட்டும் இருந்தால் அந்தச் சேர்வர் பாஸ்வேர்டைக் கேட்கவே போவதில்லை. பாஸ்வேர்டும் சேர்ந்திருந்தால் நீங்கள் அடித்தது பிழை.

பாஸ்வேர்ட் பிழை என்றால் கேப்ஸ் லொக்குக்கு முன்னே விசைப்பலகையைப் பாருங்கள். தமிழில் எழுதிக்கொண்டிருந்துவிட்டு டெர்மினலுக்கு வந்தால் விசைப்பலகை தமிழிலேயே நிற்கும். பாஸ்வேர்ட் அடிக்கும்போது திரையில் ஒரு புள்ளிகூட விழாது என்பதால், அங்கே போவது தமிழ் எழுத்து என்பது தெரியாது. பயனர் பெயர் கேட்கும் இடத்தில் பாஸ்வேர்டை ஒருக்கா அடித்துப் பார்க்கலாமே என்று நினைக்காதீர்கள், அது அப்படியே சேர்வரின் லொக்கில் பதிந்துவிடும். நோட்பேடில் அடித்துப் பாருங்கள்.

ரூட் (முழு அதிகாரமுள்ள பயனர்) ஆகப் போக முயன்றால், பாஸ்வேர்ட் சரியாக இருந்தாலும் விடாது. ஓபன்எஸ்எஸ்எச்சின் பொது அமைப்பில் ரூட்டுக்குக் கீ மட்டும்தான். வாடகைச் சேர்வர்களில் பயனர் பெயரும் நீங்கள் ஏற்றிய லினக்ஸ் இமேஜுக்கு ஏற்ப மாறும்: அமேசானில் உபுண்டு என்றால் உபுண்டு, அமேசான் லினக்ஸ் என்றால் இசி2-யூசர், டெபியன் என்றால் அட்மின்.

கீ விடயத்தில் -வி வெளியீடு வேலையைப் பாதியாக்கும். "ஒஃபரிங் பப்ளிக் கீ" என்ற வரியில் நீங்கள் நினைத்த ஃபைல் இருக்கிறதா? இல்லாவிட்டால் -ஐ போட்டு ஃபைலின் பாதையைச் சொல்லுங்கள். இருக்கிறது, ஆனால் அதன் பின் "சேர்வர் எக்செப்ட்ஸ் கீ" வரவில்லை என்றால் சேர்வருக்கு அந்தக் கீ தெரியாது, அல்லது தெரிந்தும் ஃபைலை நம்பவில்லை.

தெரியாமல் போவதற்கு முதற் காரணம் ஒட்டிய வரி உடைந்திருப்பது. சேர்வர் அனுமதித்த கீகள் இருக்கும் ஓதரைஸ்ட்_கீஸ் ஃபைலில் ஒரு கீ ஒரே வரி. எஸ்எஸ்எச்-இடி25519 என்று தொடங்கி, நடுவில் இடைவெளி இல்லாத 68 எழுத்து, கடைசியில் குறிப்பு. வட்ஸ்அப்பில் அனுப்பி, போனில் பிரதி பண்ணி, கொன்சோலில் ஒட்டினால் நடுவில் வரி முறிவதும் முதல் எழுத்து விடுபடுவதும் சாதாரணம். புட்டிஜென் (விண்டோஸில் கீ செய்யும் மென்பொருள்) பாவிக்கிறவர்கள் "சேவ் பப்ளிக் கீ" பொத்தானை அமத்தினால் கிடைப்பது வேறு வடிவம். பல வரியாக இருக்கும், ஓபன்எஸ்எஸ்எச் ஏற்காது. ஜன்னலின் மேற்பெட்டியில் தெரியும் வரியைத்தான் பிரதி பண்ண வேண்டும். சந்தேகம் தீர, உங்கள் பப் ஃபைலிலும் சேர்வரின் ஓதரைஸ்ட்_கீஸிலும் எஸ்எஸ்எச்-கீஜென் -எல்எஃப் ஓட்டி இரண்டு கைரேகையையும் ஒப்பிடுங்கள். கண்ணால் எழுத்தெழுத்தாகப் பார்ப்பதை விட இது கெதி.

நம்பாமல் போவதற்குக் காரணம் அனுமதிகள். சேர்வரின் லொக்கில் "பேட் ஓனர்ஷிப் ஓர் மோட்ஸ்" என்று வந்திருக்கும். .எஸ்எஸ்எச் அடைவு 700, ஓதரைஸ்ட்_கீஸ் 600, இரண்டும் அந்தப் பயனருடைய பெயரிலேயே இருக்க வேண்டும்; சுடோ போட்டு உருவாக்கினால் ரூட்டின் பெயரில் கிடக்கும். இவை சரியாக இருந்தும் மறுத்தால் வீட்டு அடைவையே பாருங்கள். இணையத்தளத்துக்குப் படம் ஏறவில்லை என்று யாராவது சிஎச்மொட் -ஆர் 777 அடித்திருப்பார்கள், அன்றைக்கே எஸ்எஸ்எச்சும் நின்றிருக்கும். வீட்டு அடைவு 755 அல்லது 750, மற்றவர் எழுத முடியாமல் இருந்தால் சரி. ரெட்ஹெட் வகையில் இதற்குப் பிறகும் மறுத்தால் ரீஸ்டோர்கொன் -ஆர்வி ~/.எஸ்எஸ்எச், ஆர் பெரிய எழுத்து.

கொன்ஃபிக்கில் பாஸ்வேர்ட்ஒதென்டிகேஷன் யெஸ் என்று எழுதியும் கேட்கவில்லையா? எஸ்எஸ்எச்டி ஒரு சொல்லை முதலில் எங்கே காண்கிறதோ அதையே எடுக்கும், பின்னால் வருவதைக் கணக்கெடுக்காது. உபுண்டுவில் முதன்மைக் கொன்ஃபிக்கின் தலையிலேயே எஸ்எஸ்எச்டி_கொன்ஃபிக்.டி அடைவில் உள்ளவை வாசிக்கப்படுகின்றன. அங்கே 50-கிளவுட்-இனிட்.கொன்ஃப் நோ என்று சொல்லியிருந்தால் அதுதான் செல்லும். உண்மையில் நடப்பில் உள்ளதைக் காட்டுவது சுடோ எஸ்எஸ்எச்டி -டி, இந்த முறை டி பெரிய எழுத்து.

"அன்புரொடெக்டட் பிரைவேட் கீ ஃபைல்"

இது உங்கள் பக்கத்துக் குறை. லினக்ஸில் சிஎச்மொட் 600. விண்டோஸில் ஃபைலின் செக்கியூரிட்டிப் பகுதியில் இன்ஹெரிட்டன்ஸை நிறுத்தி, உங்கள் பயனரை மட்டும் விட்டு மற்றவர்களை நீக்குங்கள். டபிள்யூஎஸ்எல்லுக்குள் (விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸ்) சி டிரைவில் கிடக்கும் கீக்கு சிஎச்மொட் அடித்தாலும் பொதுவாக ஒட்டாது. கீயை லினக்ஸ் பக்கத்து வீட்டு அடைவுக்குப் பிரதி பண்ணுங்கள். போனில் டேர்மக்ஸ் பாவிக்கும் மாணவர்களுக்கும் இதே கதை: டவுன்லோட்ஸில் உள்ள கீ ஒரு நாளும் 600 ஆகாது, டேர்மக்ஸின் சொந்த அடைவுக்குள் கொண்டுவாருங்கள்.

"டூ மெனி ஒதென்டிகேஷன் ஃபெயிலியர்ஸ்" வந்தால் உங்கள் ஏஜென்ட் கையில் உள்ள கீ எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நீட்டுகிறது. சரியான கீ வர முன்னே 6 தடவை முடிந்துவிடுகிறது. அந்த ஹோஸ்டுக்கு ஐடென்டிட்டிஃபைல் வரியும் ஐடென்டிட்டீஸ்ஒன்லி யெஸ் வரியும் எழுதுங்கள்.

உள்ளே போய்ச் சற்று நேரத்தில் உறைகிறது

எழுத்து விழவில்லை, பிழையும் வரவில்லை. முதலில் கன்ட்ரோல் கியூ அடியுங்கள். சேவ் பண்ணுகிற பழக்கத்தில் கன்ட்ரோல் எஸ் அமத்தியிருந்தால் டெர்மினல் நிற்கும்; கியூவில் எழும்பும். அதற்கும் எழும்பாவிட்டால் இணைப்பு செத்திருக்கிறது. என்டர், பிறகு அலைக்குறி, பிறகு முற்றுப்புள்ளி என்று அடித்தால் உடனே வெளியே வரலாம்; ஜன்னலை மூடத் தேவையில்லை.

ஐந்து பத்து நிமிடம் சும்மா விட்டால் மட்டும் சாகிறது என்றால் வழியில் உள்ள நெட் கருவி (முகவரியை மாற்றிக் கொடுக்கும் ரவுட்டர் போன்றது) அமைதியான இணைப்பை மறந்துவிடுகிறது. உங்கள் கொன்ஃபிக்கில் சேர்வர்அலைவ்இன்டர்வல் 30, சேர்வர்அலைவ்கவுன்ட்மாக்ஸ் 3 என்று போடுங்கள். மாரி காலத்தில் சிக்னல் விழுந்தெழும்பும் இடத்தில் இதுவும் போதாது. நீண்ட வேலைகளை டிமக்ஸுக்குள் ஓட்டுங்கள்: டிமக்ஸ் நியூ -எஸ் வேலை. அறுந்தாலும் அங்கே வேலை ஓடும். திரும்ப வந்து டிமக்ஸ் அட்டாச் -டி வேலை. டேட்டாபேஸ் அப்கிரேடை டிமக்ஸ் இல்லாமல் தொடங்குவது மழைக்குள் கூரையைப் பிரிப்பது மாதிரி.

கரண்ட் போய் வந்த பிறகு தொலைவில் உள்ள கணினிக்குப் போக முடியவில்லை

சிஜிநெட்டுக்குப் பின்னால் உள்ள கணினிக்கான வழி இது. கடைக் கணினியில் எஸ்எஸ்எச் -என் -ஆர் 2222:லோக்கல்ஹோஸ்ட்:22 பயனர்@வாடகைச்சேர்வர் என்று ஓட்டினால் (என், ஆர் இரண்டும் பெரிய எழுத்து), அது உள்ளிருந்து வெளியே ஒரு பாதையைப் பிடித்து வைத்திருக்கும். நீங்கள் வாடகைச் சேர்வருக்குப் போய் எஸ்எஸ்எச் -பி 2222 கடைப்பயனர்@லோக்கல்ஹோஸ்ட் அடித்தால் கடைக்குள் நிற்பீர்கள்.

கையால் ஓட்டும்போது நன்றாக இருக்கும். கரண்ட் போய் வந்ததும் "ரிமோட் போர்ட் ஃபோர்வர்டிங் ஃபெயில்ட் ஃபோர் லிஸன் போர்ட் 2222" என்று வரும். கடைக் கணினி சொல்லாமல் கொள்ளாமல் செத்ததால், பழைய இணைப்பு உயிரோடிருக்கிறது என்று நினைத்து வாடகைச் சேர்வர் 2222 ஐப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பொது அமைப்பில் லினக்ஸ் அதைச் சோதிக்கத் தொடங்கவே 2 மணித்தியாலம் ஆகும். வாடகைச் சேர்வரின் எஸ்எஸ்எச்டி கொன்ஃபிக்கில் கிளையன்ட்அலைவ்இன்டர்வல் 30, கிளையன்ட்அலைவ்கவுன்ட்மாக்ஸ் 3 போட்டால் ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் கைவிடும். கடைப் பக்கத்தில் எக்ஸிட்ஒன்ஃபோர்வர்ட்ஃபெயிலியர் யெஸ் கட்டாயம். அது இல்லாவிட்டால் பாதை கிடைக்காமலேயே இணைப்பு மட்டும் நின்று, எல்லாம் சரி என்று காட்டும்.

தானாக எழும்ப சிஸ்டம்டி சேவையாக்குங்கள்: ரீஸ்டார்ட்=ஆல்வேஸ், ரீஸ்டார்ட்செக்=10, ஸ்டார்ட்லிமிட்இன்டர்வல்செக்=0 (= குறிக்கு முன்னே உள்ள ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தும் பெரியது). கையால் ஓட்டினால் ஓடுகிறது, சேவையாக ஓடவில்லை என்றால், சேவை ரூட்டின் பெயரில் ஓடுகிறது. ரூட்டின் நோன்_ஹோஸ்ட்ஸில் வாடகைச் சேர்வரின் அடையாளம் இல்லை, ரூட்டின்.எஸ்எஸ்எச்சில் கீயும் இல்லை. சேவை ஃபைலில் யூசர்= வரி (முதலெழுத்துப் பெரியது) எழுதி உங்கள் பயனரைக் கொடுங்கள்.

அந்தக் கணினியைக் கடையில் யாரும் தூக்கிக்கொண்டு போகலாம் என்பதை நினைத்து, வாடகைச் சேர்வரின் ஓதரைஸ்ட்_கீஸில் அதன் கீக்கு முன்னே ரெஸ்ட்ரிக்ட், போர்ட்-ஃபோர்வர்டிங் என்ற இரண்டு சொற்களையும், பெர்மிட்லிஸன் ஊடாக லோக்கல்ஹோஸ்ட்:2222 ஐயும், கொமாண்ட் ஊடாக /பின்/ஃபால்ஸையும் எழுதுங்கள். கீ களவு போனாலும் அதனால் சேர்வருக்குள் ஒரு கட்டளையும் ஓட்ட ஏலாது. இவ்வளவும் செய்த பிறகு, கரண்ட் வந்தும் எழும்பாவிட்டால் கணினியின் பயோஸில் ஏசி பவர் திரும்பினால் தானாக ஒன் ஆகும் அமைப்பைப் பாருங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் "அந்தப் பெட்டியின்ட பொத்தான ஒருக்கா அமத்துங்க காக்கா" என்று போன் எடுக்க வேண்டியதுதான்.

எஸ்எஸ்எச் போகிறது, ஃபைல் போகவில்லை

"ரிசீவ்ட் மெசேஜ் டூ லோங்" என்று ஒரு பெரிய இலக்கத்தோடு வந்தால், சேர்வரில் உள்ள .பாஷ்ஆர்சி எதையோ அச்சிடுகிறது. அந்த இலக்கமே சாட்சி: 1466264675 என்பது ஆங்கிலத்தில் வெல்கம் என்ற சொல்லின் முதல் நான்கு எழுத்துகளை எண்ணாக வாசித்தது. எக்கோ வரிகளை .பாஷ்_புரொஃபைலுக்கு மாற்றுங்கள். பழைய ரவுட்டருக்கு எஸ்சிபி தோற்றால் -ஓ சேருங்கள், பெரிய எழுத்து, ஓபன்எஸ்எஸ்எச் 9.0 முதல் எஸ்சிபி உள்ளே எஸ்எஃப்டிபியைப் பாவிக்கிறது, பழைய கருவியில் அது இல்லை.

தமிழ் ஃபைல் பெயர்கள் கேள்விக்குறியாகத் தெரிந்தால் பெயர் கெடவில்லை, காட்டுவதுதான் கெட்டிருக்கிறது. சேர்வரில் லொகேல் (மொழி, எழுத்து அமைப்பைக் காட்டும் கட்டளை) என்று அடியுங்கள். யூடிஎஃப்-8 வராவிட்டால் எக்ஸ்போர்ட் லேங்=சி.யூடிஎஃப்-8, லேங் தொடக்கம் கடைசி வரை பெரிய எழுத்து. புட்டியில் விண்டோ, டிரான்ஸ்லேஷன் பகுதியில் யூடிஎஃப்-8 தெரிவாகியிருக்க வேண்டும். சேர்வருக்குள் நுழைந்ததும் "கனொட் செட் லொகேல்" வந்தால், உங்கள் கணினியின் தமிழ் லொகேலை எஸ்எஸ்எச் கூடவே அனுப்புகிறது, சேர்வரில் அது இல்லை. சுடோ லொகேல்-ஜென் டிஏ_எல்கே.யூடிஎஃப்-8 (டிஏ சிறியது, மற்றவை பெரியது).

உங்களையே வெளியே வைத்துப் பூட்டிவிட்டால்

யுஎஃப்டபிள்யூவை எனேபிள் பண்ணிய பிறகுதான் 22 ஐத் திறக்கவில்லை என்பது நினைவுக்கு வரும். வழங்குநரின் இணையக் கொன்சோலுக்குப் போங்கள். அது எஸ்எஸ்எச் வழியாக வருவதில்லை, ஆகவே ஃபயர்வோல் அதை மறிக்காது. அங்கே பயனரின் பாஸ்வேர்ட் வேண்டும். கீயால் மட்டும் போய்வருகிறவர்கள் பாஸ்வேர்டே வைத்திருக்க மாட்டார்கள், ஆகையால் சேர்வர் நலமாக இருக்கும்போதே சுடோ பாஸ்டபிள்யூடி பயனர் என்று ஒன்றைப் போட்டு எழுதி வையுங்கள். கொன்சோலும் இல்லாவிட்டால் ரெஸ்கியூ முறையில் எழுப்பி, டிஸ்க்கை மவுண்ட் பண்ணி, கொன்ஃபிக்கைத் திருத்த வேண்டும். ராஸ்பெரி பை என்றால் எஸ்டி கார்டைக் கழற்றி வேறு கணினியில் போடலாம். புதிதாக எழுதிய கார்டில் பை என்ற பயனர் வேலை செய்யவில்லை என்று தேடாதீர்கள், 2022 ஏப்ரலில் அந்தப் பொதுப் பயனரை எடுத்துவிட்டார்கள். இமேஜரில் எழுதும்போதே பயனரையும் எஸ்எஸ்எச்சையும் கொடுக்க வேண்டும்.

கொன்ஃபிக்கைத் தொடும் ஒவ்வொரு முறையும் ஒழுங்கு இது: திறந்திருக்கும் ஜன்னலை மூடாமல் மாற்றுங்கள், சிறிய டி போட்டு எஸ்எஸ்எச்டியைச் சோதியுங்கள், ரீலோட் பண்ணுங்கள், இரண்டாவது ஜன்னலில் புதிதாக லொகின் பண்ணுங்கள். ரீலோட் பழைய இணைப்பை அறுக்காது. இரண்டாவது ஜன்னல் உள்ளே போன பிறகே முதலாவதை மூடுங்கள். ஃபயர்வோல் விதியை மாற்றுவதென்றால் அதற்கு முன் எக்கோ "யுஎஃப்டபிள்யூ டிஸேபிள்" | சுடோ அட் நவ் + 10 மினிட்ஸ் என்று வைத்துவிட்டுத் தொடங்கலாம். குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் அட் இல்லாவிட்டால் முதலில் இன்ஸ்டோல் பண்ணுங்கள். பிழைத்தால் பத்து நிமிடத்தில் கதவு தானாகத் திறக்கும். சரிவந்தால் சுடோ ஏடிகியூ அடித்து இலக்கத்தைப் பார்த்து, சுடோ ஏடிஆர்எம் போட்டு அதை அழிக்க மறந்துவிடாதீர்கள்.